குடும்ப மரத்தில் திருமணமும் பெற்றோரும்: வாசகர் கேள்வி-பதில்

குடும்ப மரத்தைக் கணினியில் ஏற்றத் தொடங்குபவர்கள் பெயர், பிறந்த தேதி வரை தடையில்லாமல் போய்விடுகிறார்கள். யார் யாரை மணந்தார், யார் யாருக்குப் பிள்ளை என்ற இடத்தில்தான் கை நின்றுவிடுகிறது. அது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஒருவருடைய பக்கத்தில் பிறப்பு, இறப்பு, தொழில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. மணமானவரா இல்லையா என்று குறிக்க மட்டும் இடம் இல்லை. அதை எங்கே போடுவது?

பதில்: பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டு வகைப் பதிவுகளை வைத்து இயங்குகின்றன. ஒன்று நபர், மற்றொன்று குடும்பம். குடும்பம் என்றால் இங்கே ஒரு ஜோடியும் அவர்களுடைய பிள்ளைகளும். திருமணம், விவாகரத்து, மணம் செல்லாது என்ற தீர்ப்பு எல்லாம் குடும்பப் பதிவுக்குள் நிகழ்வுகளாக உட்காரும். எனவே முதலில் அந்த நபரின் பக்கத்தில் துணையைச் சேருங்கள். அப்போது குடும்பப் பதிவு உருவாகும். அதைத் திறந்து திருமணம் என்ற நிகழ்வைச் சேர்த்து தேதி, இடம், ஆதாரம் மூன்றையும் நிரப்புங்கள்.

நபரின் மேல் ஒட்டும் 'நிலை' ஏன் வேண்டாம் என்றால், அது காலத்தோடு மாறும். ஒரே பெண் 1920இல் மணமாகாதவர், 1930இல் ஒருவரின் மனைவி, 1950இல் கைம்பெண். இதில் எதை எழுதினாலும் மற்ற இரண்டும் மறைந்துபோகும். திருமணத் தேதியும் கணவர் இறந்த தேதியும் இருந்தால் எந்த ஆண்டில் அவர் என்ன நிலையில் இருந்தார் என்பது தானே தெரியும்.

ஒரு பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆவணம் 'மணமானவர்' என்று மட்டும் சொல்லி, துணையின் பெயரைச் சொல்லவில்லை என்றால்? அதை அந்த நபரின் கீழ் ஆவணத்தின் தேதியோடு ஒரு தனிக் குறிப்பாக, ஆவணத்தில் உள்ள சொல்லை அப்படியே எழுதி வையுங்கள். கணக்கெடுக்க வந்தவரிடம் வீட்டார் சொன்னது அது. அதற்கு மேல் எதையும் அதன் மீது கட்ட வேண்டாம்.

கேள்வி: திருமணம் நடந்தது உறுதி. தேதியும் தெரியாது, இடமும் தெரியாது. முதல் குழந்தை 1931இல் பிறந்தது என்பதால் '1931க்கு முன்' என்று போடலாமா?

பதில்: கூடாது. குழந்தை பிறந்த தேதி குழந்தை பிறந்ததற்கு மட்டுமே சாட்சி. குழந்தை பிறந்த பிறகு மணந்துகொண்டவர்களும் உண்டு, மணக்காமலேயே வாழ்ந்தவர்களும் உண்டு. 1934இல் எழுதிய ஒரு கடிதம் அவரை 'என் மனைவி' என்று குறிப்பிட்டால், '1934க்கு முன்' என்று போட்டு அந்தக் கடிதத்தை ஆதாரமாகச் சேர்க்கலாம். அப்படி எதுவும் கையில் இல்லையென்றால் தேதியும் இடமும் காலியாக உள்ள திருமண நிகழ்வை மட்டும் வையுங்கள்.

மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் பொதுக் கோப்பு வடிவம் ஜெட்காம் (GEDCOM). அதில் ஒவ்வொரு தகவலுக்கும் அதன் வகையைச் சொல்லும் ஒரு குறிச்சொல் இருக்கும். இந்த நிலைமைக்கு அதில் வழி இருக்கிறது. திருமணக் குறிச்சொல்லுக்கு எதிரே 'ஒய்' (Y) என்ற ஒற்றை எழுத்து நின்றால், 'நடந்தது, விவரம் தெரியவில்லை' என்று பொருள். ஆனால் சில மென்பொருள்கள் எதுவும் நிரப்பாத நிகழ்வைச் சேமிக்கும்போது ஓசையில்லாமல் தூக்கி எறிந்துவிடும். சேமித்து மூடி, மறுபடி திறந்து அந்த நிகழ்வு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் விளக்கக் கட்டத்தில் ஒரு வரி எழுதினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. நிச்சயதார்த்தம், திருமண உரிமம், மணத்துக்கு முன் தேவாலயத்தில் செய்யும் அறிவிப்பு ஆகியவற்றுக்கு ஜெட்காமில் தனித்தனிக் குறிச்சொற்கள் இருக்கின்றன. உரிமம் வாங்கியும் மணம் நடக்காமல் போயிருக்கலாம். உரிமத்தின் தேதியைத் திருமணத் தேதியாக எழுதிவிட்டால் பிறகு அதை யாரும் சந்தேகப்படவே மாட்டார்கள்.

கேள்வி: மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்து பிள்ளைகள் பெற்ற ஒரு ஜோடியைச் சேர்த்தேன். அறிக்கை எடுத்தால் 'மணந்தார்' என்று அச்சாகிறது. நான் அப்படி எழுதவே இல்லையே?

பதில்: நீங்கள் எழுதவில்லை, மென்பொருள் ஊகித்துக்கொண்டது. குடும்பப் பதிவு என்றாலே திருமணம் என்று எடுத்துக்கொள்ளும் அறிக்கை வார்ப்புருக்கள் நிறைய இருக்கின்றன. ஜெட்காமைப் பொறுத்தவரை குடும்பப் பதிவு இரண்டு பேரைச் சேர்த்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். திருமண நிகழ்வு தனியாக இருந்தால்தான் திருமணம்.

கிராம்ப்ஸ் என்ற இலவசத் திறமூல மென்பொருளில் குடும்பப் பதிவுக்கென்று 'உறவின் வகை' என்ற கட்டம் இருக்கிறது. மணமானவர்கள், மணமாகாதவர்கள், சிவில் இணைவு, தெரியாது என்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், சொந்தமாக ஒன்றை எழுதியும் சேர்க்கலாம். இந்தக் கட்டமும் திருமண நிகழ்வும் வேறு வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. வகையில் 'மணமானவர்கள்' என்று இருந்தும் நிகழ்வு இல்லாத குடும்பங்கள், நிகழ்வு இருந்தும் வகையில் 'தெரியாது' என்று நிற்கும் குடும்பங்கள் இரண்டும் பல கோப்புகளில் காணக் கிடைக்கின்றன. புதிய குடும்பம் சேர்க்கும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். அப்படி ஒரு கட்டமே இல்லாத மென்பொருளில், தனிப்பயன் நிகழ்வாக, அதாவது நீங்களே பெயர் வைக்கும் நிகழ்வாக, 'சேர்ந்து வாழ்ந்தனர்' என்று எழுதி, தேதிக் கட்டத்தில் 'முதல் – வரை' என்ற கால அளவைக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகள். மூவருடைய ஆவணங்களிலும் தந்தை பெயர் இல்லை. 'பெயர் தெரியாதவர்' என்று ஒரு தந்தையை உருவாக்கி மூவரையும் அவருக்குக் கீழே போட்டிருக்கிறேன். இது சரியா?

பதில்: இப்படித்தான் பலரும் செய்கிறார்கள். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதலாவது, மூவருக்கும் தந்தை ஒருவரே என்று நீங்கள் அறிவித்துவிட்டீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. குடும்பப் பதிவு என்பது ஒரு குறிப்பிட்ட ஜோடி. தந்தையின் இடம் காலியாக இருந்தாலும் அந்தக் காலியிடம் ஒரே ஆளைத்தான் குறிக்கும். மூவரும் ஒரே பதிவில் இருந்தால் உடன்பிறப்புகள் பட்டியலில் முழு உடன்பிறப்புகளாகவே வருவார்கள். தந்தை ஒருவர்தானா என்று தெரியாத நிலையில், தாயை மட்டும் கொண்ட மூன்று தனித்தனிக் குடும்பப் பதிவுகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையைச் சேருங்கள். அப்போது மூவரும் தாய்வழி உடன்பிறப்புகளாக மட்டும் தெரிவார்கள். இருவருக்குத் தந்தை ஒருவரே என்று பின்னால் உறுதியானால், அந்த இரண்டு பதிவுகளையும் ஒன்றாக இணைப்பது எளிது. சேர்த்து வைத்ததைப் பிரிப்பதுதான் பாடு. எந்தக் குறிப்பு எந்தப் பிள்ளைக்கு உரியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, 'பெயர் தெரியாதவர்' என்ற பெயர். கணினிக்கு அது இன்னொரு பெயர், அவ்வளவே. இரட்டைப் பதிவுகளைத் தேடும் வசதியை இயக்கினால், உங்கள் கோப்பில் இருக்கும் எல்லாப் 'பெயர் தெரியாதவர்'களும் ஒரே ஆள் போலிருக்கிறது, இணைக்கவா என்று கேட்கும். கவனக்குறைவாக 'ஆம்' சொன்னால் தொடர்பே இல்லாத குடும்பங்கள் ஒட்டிக்கொள்ளும். தந்தையைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடுங்கள். அவருடைய தொழிலோ ஊரோ தெரிந்திருந்தால் மட்டும் ஒரு நபரை உருவாக்கி, பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தெரிந்ததை நிரப்புங்கள்.

இவர்தான் தந்தை என்று ஒருவர் மீது சந்தேகம் மட்டும் இருந்தால் அவரைத் தந்தை இடத்தில் வைக்காதீர்கள். அவரைத் தனி நபராகச் சேர்த்து, 'தொடர்புடையவர்' என்ற வகை இணைப்பால் பிள்ளையோடு இணைத்து, சந்தேகத்துக்குக் காரணம் என்ன என்று எழுதுங்கள். ஏற்கெனவே தந்தையாகப் பரவலாகப் பதிவான ஒருவர் தந்தை அல்ல என்று தெரிய வந்தால் அப்போது செய்ய வேண்டியது வேறு. ஜெட்காமில் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் உள்ள இணைப்புக்கு 'ஐயத்துக்குரியது', 'தவறென நிறுவப்பட்டது', 'நிறுவப்பட்டது' என்று மூன்று நிலைகள் கொடுக்கலாம். உங்கள் மென்பொருள் அதை ஏற்றால், இணைப்பை அழிக்காமல் 'தவறென நிறுவப்பட்டது' என்று குறித்து விடுங்கள். அழித்துவிட்டால் அடுத்து வருபவர் அதே தவறை மறுபடி கொண்டுவந்து சேர்ப்பார்.

கேள்வி: தத்துப்பிள்ளையைப் பெற்றவர்கள் கீழ் எழுதுவதா, வளர்த்தவர்கள் கீழ் எழுதுவதா?

பதில்: இரண்டு இடத்திலும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நபர் எத்தனை குடும்பங்களில் வேண்டுமானாலும் பிள்ளையாக இருக்கலாம். ஒவ்வொரு இணைப்புக்கும் அதன் வகையைச் சொல்ல வேண்டும். ஜெட்காமில் இதற்கென்று உள்ள குறிச்சொல் 'பெடி' (PEDI). அது பிறப்பு, தத்து, வளர்ப்பு முதலிய மதிப்புகளை ஏற்கும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். பெற்ற ஜோடியின் குடும்பத்தில் பிள்ளையைச் சேர்த்து வகையைப் 'பிறப்பு' என்று வையுங்கள். பிறகு அந்தப் பிள்ளையின் பக்கத்துக்கே போய், 'இன்னொரு பெற்றோரைச் சேர்' என்ற கட்டளை மூலம் தத்தெடுத்த குடும்பத்தோடு இணையுங்கள். அங்கே புதிதாக ஒரு பிள்ளையைத் தட்டச்சு செய்தால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். இதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இணைத்ததும் வகையைத் 'தத்து' என்று மாற்றுங்கள். பல மென்பொருள்கள் எதையும் கேட்காமல் 'பிறப்பு' என்றே வைத்துவிடும், கிராம்ப்ஸும் அப்படித்தான். கடைசியாக, தத்தெடுத்த தேதியும் இடமும் ஆவணமும் தெரிந்தால் தத்து என்ற நிகழ்வைப் பிள்ளையின் கீழ் சேருங்கள். இணைப்பின் வகை உறவைச் சொல்லும், நிகழ்வு தேதியைச் சொல்லும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து, எந்தப் பெற்றோர் 'முதன்மை' என்று முடிவு செய்ய வேண்டும். மூதாதையர் வரைபடத்தில் ஒருவருக்கு ஒரு தந்தை, ஒரு தாய் என்று இரண்டே இடங்கள்தாம். மூதாதையர் எண்முறையிலும் அப்படியே: ஒருவரின் எண்ணை இரண்டால் பெருக்கினால் தந்தையின் எண், அதோடு ஒன்று கூட்டினால் தாயின் எண். மூன்றாவது பெற்றோருக்கு அங்கே எண் கிடையாது. ஆகவே மென்பொருள் முதன்மையாக உள்ள ஜோடியின் வழியே மட்டும் மேலே ஏறும், மற்ற ஜோடி கோப்பில் இருந்தும் படத்தில் தெரியாது. மரபணுப் பொருத்தங்களை ஆராயப் படம் எடுக்கிறீர்கள் என்றால் பெற்றவர்களை முதன்மையாக்குங்கள். குடும்ப நூல் அச்சிடப் போகிறீர்கள் என்றால் அந்தப் பிள்ளை யாரை அம்மா, அப்பா என்று அழைத்து வளர்ந்தாரோ அவர்களை வைப்பதுதான் முறை. வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம், தகவல் எதுவும் போகாது.

கேள்வி: தாய் பெற்ற தாயேதான். அவருடைய இரண்டாவது கணவர் மட்டும் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்தார். இதை எப்படிக் காட்டுவது?

பதில்: தாயும் இரண்டாவது கணவரும் உள்ள குடும்பத்தில் பிள்ளையைச் சேருங்கள். தாய்க்கு ஒரு வகை, தந்தைக்கு வேறு வகை என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். கிராம்ப்ஸில் குடும்பப் பதிவைத் திறந்து, பிள்ளைகள் பட்டியலில் அந்தப் பெயர்மீது இருமுறை சொடுக்கினால் 'தந்தையோடு உறவு', 'தாயோடு உறவு' என்று இரண்டு கட்டங்கள் வரும். தந்தைக்குத் 'தத்து', தாய்க்குப் 'பிறப்பு'. ரூட்ஸ்மேஜிக் என்ற மென்பொருளிலும் இதே போல இரண்டு கட்டங்கள் உண்டு. பெற்ற தந்தையும் தாயும் உள்ள முதல் குடும்பத்திலும் பிள்ளை அப்படியே இருக்கட்டும்.

சிக்கல் கோப்பை வெளியே அனுப்பும்போது வரும். 'பெடி' குறிச்சொல் பிள்ளைக்கும் மொத்தக் குடும்பத்துக்கும் இடையிலானது, பெற்றோர் இருவருக்கும் தனித்தனி மதிப்பு அதில் இல்லை. சில மென்பொருள்கள் தங்கள் சொந்தக் குறிச்சொற்களைச் சேர்த்து இதை அனுப்புகின்றன. வாங்கும் மென்பொருளுக்கு அந்தக் குறிச்சொற்கள் புரியாவிட்டால் அவற்றை ஒதுக்கிவிடும். தத்து நிகழ்வுக்குள் மட்டும் கணவரா, மனைவியா, இருவருமா தத்தெடுத்தது என்று சொல்லும் முறையான வழி ஜெட்காமில் இருக்கிறது. அதனால் இந்த மாதிரிக் குடும்பங்களில் தத்து நிகழ்வைக் கட்டாயம் சேருங்கள்.

சட்டப்படி தத்தெடுக்காத மாற்றாந்தந்தையை இப்படிப் பெற்றோராக இணைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தாய்க்கு மறுமணம் நடந்தது பதிவில் இருக்கிறது, பிள்ளை முதல் குடும்பத்தில் இருக்கிறார். இந்த இரண்டிலிருந்தே உறவு விளங்கிவிடும்.

கேள்வி: விவாகரத்து செய்த ஜோடி சில ஆண்டுகளில் மறுபடி ஒருவரையொருவர் மணந்துகொண்டார்கள். இரண்டாவது குடும்பப் பதிவு தேவையா?

பதில்: தேவையில்லை. ஒரே பதிவில் திருமணம், விவாகரத்து, திருமணம் என்று மூன்று நிகழ்வுகளைத் தேதியோடு எழுதுங்கள். இரண்டு பதிவுகள் போட்டால் பிள்ளைகள் பிரிந்து, ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள் வேறு வேறு குடும்பம் போலத் தோன்றுவார்கள். பிரிந்து வாழ்ந்தார்கள், விவாகரத்து ஆகவில்லை என்றால் விவாகரத்து நிகழ்வைப் பயன்படுத்தாதீர்கள். தனிப்பயன் நிகழ்வாகப் 'பிரிந்து வாழ்தல்' என்று எழுதுங்கள். விவாகரத்துக்கு மனு போட்டதற்கும் மணம் செல்லாது என்ற தீர்ப்புக்கும் தனிக் குறிச்சொற்கள் உண்டு.

கேள்வி: ஒருவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. கோப்பில் அவருக்குத் துணை இல்லை என்பதே அதைக் காட்டாதா?

பதில்: காட்டாது. துணையின் பெயர் இன்னும் கிடைக்காதவரும் கோப்பில் அதே போலத்தான் இருப்பார். தேடி முடித்தது, இன்னும் தேடாதது என்ற இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். பழைய ஜெட்காமில் நபரின் கீழ் 'திருமணங்களின் எண்ணிக்கை', 'பிள்ளைகளின் எண்ணிக்கை' என்ற பண்புகள் உண்டு. அவற்றில் 0 என்று எழுதலாம். 2021இல் வந்த ஜெட்காம் 7 பதிப்பில் 'இந்த நிகழ்வு நடக்கவில்லை' என்று சொல்லவே ஒரு குறிச்சொல் சேர்க்கப்பட்டது. திருமணத்தோடு அதைப் பயன்படுத்தலாம், எந்தக் காலம்வரை நடக்கவில்லை என்றும் சொல்லலாம். எந்த வழியில் எழுதினாலும் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற ஆதாரத்தைச் சேருங்கள்.

பிள்ளைகளின் எண்ணிக்கை இன்னொரு வகையிலும் பயன்படும். ஒரு தாய் 7 பிள்ளைகள் பெற்றதாக ஆவணம் சொல்கிறது, உங்களுக்குக் கிடைத்தவை 5 பெயர்கள். எண்ணிக்கையில் 7 என்று எழுதிவையுங்கள். மீதி இருவரைத் தேட வேண்டும் என்பது கோப்பிலேயே நிற்கும்.

கேள்வி: இரண்டு பெண்கள் மணந்துகொண்டு, ஒருவர் குழந்தையைப் பெற்றார். மென்பொருள் ஒருவரைக் 'கணவர்' இடத்தில்தான் போடச் சொல்கிறது.

பதில்: அந்த இடத்தில் போட்டுவிடலாம். ஜெட்காம் 7 இதைத் தெளிவாகவே சொல்கிறது: கணவர், மனைவி என்ற குறிச்சொற்களை வைத்து ஒருவரின் பாலினத்தையோ பாத்திரத்தையோ ஊகிக்கக் கூடாது. நபரின் பக்கத்தில் பாலினத்தைச் சரியாகக் குறித்தால் போதும். சில மென்பொருள்கள் 'பாலினப் பிழை' என்று எச்சரிக்கும், அதற்காகப் பாலினத்தை மாற்றிவிடாதீர்கள். எச்சரிக்கையைப் புறக்கணித்துச் சேமியுங்கள். பெற்றவருக்குப் 'பிறப்பு', மற்றவர் தத்தெடுத்திருந்தால் 'தத்து'. தத்தெடுக்கத் தேவையில்லாமல் பிறப்புச் சான்றிதழிலேயே இருவர் பெயரும் இருந்தால், இருவருக்கும் 'பிறப்பு' என்று வைப்பதில் தவறில்லை. ஜெட்காம் 7 அந்தச் சொல்லைக் குழந்தை பிறந்தபோது இருந்த குடும்ப அமைப்பு என்றுதான் விளக்குகிறது. உயிரணு தானம் செய்தவரைப் பெற்றோராக இணைக்காமல் 'தொடர்புடையவர்' என்று சேர்க்கலாம்.

கேள்வி: திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவரை எந்தப் பெயரில் சேர்ப்பது?

பதில்: பிறந்தபோது இருந்த பெயரில். மணத்துக்குப் பிந்தைய பெயரை மாற்றுப்பெயராக, 'மணப்பெயர்' என்ற வகையோடு சேருங்கள். பிறந்த வீட்டுப் பெயர் தெரியாவிட்டால் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கணவரின் குடும்பப்பெயரை அங்கே நிரப்பினால் அவருடைய பெற்றோரைத் தேடும்போது திசை மாறிப் போவீர்கள்.

கேள்வி: உயிரோடு இருக்கும் ஒருவர் தத்துப்பிள்ளை என்பது எனக்குத் தெரியும். அவருக்கே தெரியுமா என்று தெரியாது. எழுதலாமா?

பதில்: உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் கோப்பில், 'அந்தரங்கம்' என்று குறித்து எழுதலாம். வெளியே போகும் எதிலும் அது இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஒருவர் தன் பிறப்பைப் பற்றி ஒரு வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரவே கூடாது.

'உயிரோடு இருப்பவர்களை மறை' என்ற வசதியை மட்டும் நம்பாதீர்கள். இறப்பு பதிவாகாதவர் உயிரோடு இருக்கலாமா என்பதை மென்பொருள் வயதை வைத்துக் கணிக்கிறது. கிராம்ப்ஸில் இயல்பாக உள்ள உச்ச வயது 110. அவரை மறைத்தாலும், இறந்துபோன தாயின் குறிப்பில் 'இரண்டாவது மகளைத் தத்துக் கொடுத்தார்' என்று எழுதியிருந்தால் அந்த வரி அப்படியே வெளியே போகும். தாயின் பக்கத்தில் சேர்த்துள்ள தத்து ஆவணப் படமும் அப்படியே. அனுப்பும் முன் கோப்பை ஓர் உரைத் தொகுப்பானில் திறந்து, 'தத்து' என்ற சொல்லையும் அந்த நபரின் பெயரையும் தேடிப் பாருங்கள்.

கேள்வி: வேறு மென்பொருளுக்கு மாறப் போகிறேன். இத்தனை விவரமும் பத்திரமாகப் போய்ச் சேருமா?

பதில்: முழுவதும் போகாது. எது போகாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளச் சிறிய சோதனைக் கோப்பு ஒன்று செய்யுங்கள். அதில் ஐந்து குடும்பங்கள் போதும்: தேதி இல்லாத திருமணம், மணமாகாத ஜோடி, மறுபடி மணந்த ஜோடி, தந்தை இடம் காலியான குடும்பம், பெற்றோரில் ஒருவர் மட்டும் தத்தெடுத்த குடும்பம். பெற்ற பெற்றோர், தத்துப் பெற்றோர் இரண்டும் உள்ள ஒரு பிள்ளையையும் இவற்றில் ஒன்றில் சேருங்கள். ஜெட்காமாக ஏற்றுமதி செய்து, புதிய மென்பொருளில் திறந்து, ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பெரும்பாலும் மாறுவது உறவின் வகை, பெற்றோருக்குத் தனித்தனி வகை, முதன்மைப் பெற்றோர் வரிசை ஆகியவைதாம். இறக்குமதி முடிந்ததும் வரும் பிழைப் பட்டியலை மூடிவிடாமல் சேமித்து வையுங்கள். எந்த வரியை ஏற்கவில்லை என்று அதில் பெரும்பாலும் வரி எண்ணோடு இருக்கும்.

சோதனையில் தொலைந்தவை எவையோ, அவை உள்ள குடும்பங்களுக்கு மட்டும் குறிப்புக் கட்டத்தில் முழு வாக்கியமாக எழுதிவிட்டு மாறுங்கள்: 'பெற்ற தாய் இன்னார், அவருடைய இரண்டாவது கணவர் இன்ன ஆண்டில் தத்தெடுத்தார்' என்பது போல. குறிப்பு எந்த மென்பொருளிலும் குறிப்பாகவே போய்ச் சேரும். பழைய மென்பொருளின் சொந்த வடிவத்தில் ஒரு நகலை எடுத்து வைத்த பிறகே மாறுங்கள். ஜெட்காம் பரிமாற்றத்துக்கு மட்டும்தான், அதைக் காப்புநகலாக எண்ண வேண்டாம்.